பிளாஸ்டிக் மாடலுக்கு ‘மை இடுவது’ ஏன்? - உயிர் தரும் கோடும், உடைக்கும் தின்னரும்

மூன்று நாள் மாலைப் பொழுதை விழுங்கிய ரோபோ, ஒருவழியாக மேசை மேல் நிற்கிறது. பாகங்களை வெட்டியாச்சு, தேய்ச்சாச்சு, மாட்டியாச்சு. உடம்பெங்கும் ஓடும் மெல்லிய பள்ளங்களில் கறுப்பு மையை ஓடவிடும் வேலை மட்டும்தான் பாக்கி. சின்ன பிரஷ்ஷில் ஒரு சொட்டு எடுத்து வைத்ததும், ‘அட, தானா ஓடுதே!’ என்று மனம் குதிக்கிறது. சற்று நேரம் கழித்து ரோபோவின் கையைத் தூக்கிப் பார்த்தால் தோள்பட்டையில் விரிசல். லேசாக அசைத்ததும் கை கழன்று விழுகிறது.

பிளாஸ்டிக் மாடல் கிட் கட்டுபவர்களில் பலருக்கு இது பழகிய சோகம். மாடலுக்கு அழகு சேர்க்கும் அதே திரவம்தான் அதை உடைக்கவும் செய்கிறது. அது எப்படி? கோடு போடாமல் விட்டால் என்ன குறை? உடையாமல் கோடு போட வழி என்ன? பார்ப்போம்.

பேனல் லைன் என்றால் என்ன?

விமானமோ, கப்பலோ, ராணுவ டாங்கியோ ஒரே தகட்டில் வார்க்கப்படுவதில்லை. பல தகடுகளை அடுக்கிப் பொருத்தித்தான் மேல் உடம்பை உருவாக்குகிறார்கள். இரண்டு தகடுகள் சந்திக்கும் இடத்தில் ஒரு இடுக்கு இருக்கும். பழுது பார்க்கத் திறக்கும் மூடிகளைச் சுற்றியும் இடுக்கு இருக்கும். மாடல் கிட்டில் இந்த இடுக்குகளைக் காட்டும் பள்ளக் கோடுகளுக்குத்தான் ‘பேனல் லைன்’ என்று பெயர்.

பழைய விமானக் கிட்டுகள் பலவற்றில் இவை பள்ளமாக இல்லாமல், மேலே புடைத்த கோடுகளாக இருந்தன. அச்சு செய்யும் தொழில்நுட்பம் முன்னேறிய பிறகு, உண்மையில் இருப்பது போல உள்ளே குழிந்த கோடுகள் வழக்கத்துக்கு வந்தன. பள்ளத்தில் மையை ஓடவிடும் வேலைக்கு வசதியானவை இந்தக் குழிந்த கோடுகள்தான்.

இந்த வேலையை ஜப்பானியர்கள் ‘சுமி இரே’ என்கிறார்கள். ‘சுமி’ என்றால் மை, ‘இரே’ என்றால் இடுதல். தமிழில் சொன்னால் அப்படியே ‘மை இடுதல்’. கண்ணுக்கு மை தீட்டினால் கண் ஆழமாகத் தெரிகிறது அல்லவா? இங்கேயும் நடப்பது அதுதான்.

பள்ளம்தான் இருக்கிறதே, மை எதற்கு?

நியாயமான கேள்வி. இதற்கான விடை வெளிச்சத்தில் இருக்கிறது.

உண்மையான இயந்திரத்தில் இரண்டு தகடுகளுக்கு இடையிலான இடுக்கு ஆழமானது. அதன் அடிவரை வெளிச்சம் போகாது என்பதால் தூரத்தில் இருந்து பார்த்தாலும் கறுப்புக் கோடாகத் தெரியும். மாடலில் அந்தப் பள்ளத்தின் ஆழம் ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்குதான். அறையின் வெளிச்சம் அதன் அடியைத் தொட்டுவிடும். போதாக்குறைக்கு, வெள்ளை, மஞ்சள் போன்ற வெளிர் நிற பிளாஸ்டிக் ஒளியைக் கொஞ்சம் உள்ளே விடக்கூடியது. அதனால் நிழல் விழாமல் கோடு கரைந்து போகிறது. வேலைப்பாடுள்ள மாடல்கூட பொம்மைக் கடை பொம்மை போலத் தெரிவதற்கு முக்கியக் காரணம் இது.

அளவைச் சுருக்கும்போது தகடும் இடுக்கும் சுருங்குகின்றன, வெளிச்சம் மட்டும் சுருங்குவதில்லை. வராத நிழலை மையால் வரைந்து கொடுப்பதுதான் பேனல் லைன் வேலை.

இன்னொரு பயனும் உண்டு. ஒரு பொருள் எவ்வளவு பெரியது என்பதைக் கண் அதில் உள்ள நுணுக்கங்களை வைத்தே எடைபோடுகிறது. வழவழவென்று இருந்தால் சிறியது. தகடும் மூடியும் இடுக்குமாக இருந்தால் பெரியது. 1977-ல் வெளியான ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் விண்கலங்களைச் செய்த கலைஞர்கள், கடையில் விற்ற டாங்கி, கப்பல் கிட்டுகளின் குட்டிக் குட்டிப் பாகங்களை விண்கலத்தின் மேல் ஒட்டியது இதற்காகத்தான். மேசை மேல் வைக்கக்கூடிய மாடல், திரையில் பிரம்மாண்டமாகத் தெரிந்தது.

ரோபோ கிட்டுகளில் இது ஏன் இவ்வளவு பிரபலம்?

‘மொபைல் சூட் குண்டம்’ என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடர் 1979 ஏப்ரலில் தொலைக்காட்சியில் தொடங்கியது. எதிர்பார்த்த வரவேற்பு கிடைக்காததால் 43 அத்தியாயங்களோடு 1980 ஜனவரியில் முடித்துக்கொண்டார்கள். அதே ஆண்டு ஜூலையில் பண்டாய் நிறுவனம், கதையின் நாயக ரோபோவை 1/144 அளவில் பிளாஸ்டிக் கிட்டாக வெளியிட்டது. விலை 300 யென். மறு ஒளிபரப்புகளும் கிட்டுகளும் சேர்ந்து தொடருக்கு மறுவாழ்வு கொடுத்தன. இன்று இந்த வகைக் கிட்டுகளுக்கு ‘குன்பிளா’ என்றே தனிப் பெயர் உண்டு.

கதையில் அந்த ரோபோவின் உயரம் 18 மீட்டர். 1/144 அளவில் அது 12.5 சென்டிமீட்டர். ஆறு மாடிக் கட்டிடத்தை உள்ளங்கைக்குள் கொண்டுவருவது போன்ற வேலை.

அன்றைய கிட் ஒரே நிறத்தில் வரும். பசை தடவி ஒட்டி, மொத்தமாகப் பெயின்ட் அடித்தால்தான் ரோபோவின் உருவம் வரும். பின்னாளில் பாகங்கள் அந்தந்த நிறத்திலேயே வார்க்கப்பட்டு வரத் தொடங்கின. பசையும் வேண்டாம், அழுத்தினாலே ‘டக்’ என்று மாட்டிக்கொள்ளும். ‘பெயின்ட் இல்லாமலே கட்டியாச்சு, ஆனா ஏதோ குறையுதே’ என்று நினைப்பவர்களுக்கு இருக்கும் எளிய வழி இரண்டே இரண்டுதான். பள்ளங்களில் கோடு, கடைசியில் மேல்பூச்சு. ஸ்ப்ரே கன், கம்ப்ரசர் எதுவும் இல்லாமல் சாப்பாட்டு மேசையிலேயே முடித்துவிடலாம்.

எதைக் கொண்டு கோடு போடுவது?

மூன்று வழிகள் பரவலாக உள்ளன.

மெல்லிய முனை மார்க்கர்: பேனா போலப் பிடித்துப் பள்ளத்தில் கோடு இழுக்க வேண்டும். தாண்டிப் போன மையைக் காய்ந்த பிறகு ரப்பராலேயே அழிக்கலாம். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இதுவே நல்லது.

ஊற்று வகை மார்க்கர்: முனையைப் பள்ளத்தின் ஒரு இடத்தில் தொட்டால் மை தானாக ஓடும். வேகம் அதிகம், ஆனால் அளவு கைமீறிப் போகவும் வாய்ப்பு அதிகம்.

எனாமல் திரவம்: எனாமல் பெயின்ட்டை நிறைய தின்னர் விட்டுத் தண்ணீர் போல் ஆக்கியது. டாமியா நிறுவனம் இதைத் தயார் நிலையில், மூடியிலேயே மெல்லிய பிரஷ் வைத்து விற்கிறது. கோடு மிக மெல்லியதாகவும் சீராகவும் விழுவது இதில்தான். கவனம் அதிகம் தேவைப்படுவதும் இதில்தான்.

திரவம் தானாக ஓடுவதில் மாயம் எதுவும் இல்லை. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிறதே, அதே நுண்புழை விசைதான். குறுகிய பள்ளம் திரவத்தைத் தன் போக்கில் இழுத்துச் செல்கிறது. பரப்பு வழவழப்பாக இருந்தால் ஓட்டம் தடையில்லாமல் இருக்கும். சொரசொரப்பாக இருந்தால் மை அங்கங்கே தங்கித் திட்டுத் திட்டாகக் கறை விடும். பெயின்ட் அடித்த மாடலுக்கு முதலில் பளபளப்பான கிளியர் பூச்சு கொடுத்துவிட்டு, அதன் பிறகு கோடு போடச் சொல்வது இதனால்தான்.

கறுப்பு மட்டும் போதுமா?

போதாது. வெள்ளைப் பாகத்தில் கறுப்புக் கோடு போட்டால் கார்ட்டூன் போலத் தெரியும். வெள்ளைக்குச் சாம்பல், சிவப்புக்கும் மஞ்சளுக்கும் பழுப்பு, நீலத்துக்கும் அடர் சாம்பலுக்கும் கறுப்பு என்பது பரவலான கணக்கு. அந்தந்த நிறத்தின் மேல் விழும் நிழல் எப்படி இருக்கும் என்று யோசித்தாலே விடை கிடைத்துவிடும். சட்டையின் மடிப்பில் விழும் நிழல், சட்டையின் நிறத்தையே கொஞ்சம் அடர்த்தியாகக் காட்டுமே தவிர முழுக் கறுப்பாகக் காட்டாது.

பிளாஸ்டிக் ஏன் உடைகிறது?

பெரும்பாலான கிட்டுகள் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கில் வார்க்கப்படுகின்றன. ரோபோக்களின் மூட்டு, உள் எலும்புக்கூடு போன்ற இடங்களில் ஏ.பி.எஸ். என்ற இன்னொரு வகையும் பயன்படுவது உண்டு.

உருகிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் அழுத்தி நிரப்பி வேகமாகக் குளிரவைக்கும்போது, பாகத்துக்குள் ஓர் இறுக்கம் தங்கிவிடுகிறது. அது கண்ணுக்குத் தெரியாது. இதோடு, பசை இல்லாமல் மாட்டும் கிட்டில் முளை துளையைவிடச் சற்றுப் பெரியது. அப்போதுதான் பிடித்து நிற்கும். ஆகவே மாட்டிய நாள் முதல் துளையின் சுவர் வெளியே விரியும் நிலையிலேயே இருக்கிறது.

அந்த இடத்தில் தின்னர் வந்து தங்கினால் என்ன ஆகும்? பிளாஸ்டிக் என்பது நூல் போன்ற நீண்ட மூலக்கூறுகளின் சிக்கல். தின்னர் அவற்றுக்கு இடையே புகுந்து, ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடியைத் தளர்த்துகிறது. இறுக்கம் இல்லாத இடத்தில் பெரிதாக ஒன்றும் நடக்காமல் போகலாம். ஏற்கெனவே இழுவையில் இருக்கும் இடத்திலோ, நுண்ணிய விரிசல்கள் பிறந்து, ஒன்றோடொன்று சேர்ந்து, பாகமே பிளக்கிறது. பட்ட காலிலே படும் என்பார்களே, அந்தக் கதைதான். பொறியியலில் இதைச் ‘சூழல்சார் அழுத்த விரிசல்’ என்கிறார்கள்.

ஏ.பி.எஸ். பாகங்கள் இதில் இன்னும் பலவீனமானவை. அவற்றுக்குப் பெயின்ட் அடித்தால் உடையலாம் என்ற எச்சரிக்கையைக் கிட் கையேடுகளிலேயே பார்க்கலாம்.

இதில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ‘மேலே கிளியர் பூச்சு கொடுத்திருக்கேன், எதுவும் ஆகாது’ என்ற நம்பிக்கைதான் அது. பூச்சு இருப்பது வெளிப்பக்கம் மட்டும். மாட்டி முடித்த மாடலில் திரவம் பள்ளத்தோடு நிற்காமல், இரு பாகங்கள் சேரும் இடுக்கு வழியாக உள்ளே இறங்கி, பூச்சே இல்லாத முளையையும் துளையையும் நனைக்கிறது. காற்றோட்டம் இல்லாததால் அங்கே சீக்கிரம் காயவும் காயாது. வெளியே அழகாகக் காய்ந்துவிட்ட மாடல் உள்ளே ஊறிக்கொண்டிருக்கிறது.

உடையாமல் தடுப்பது எப்படி?

* கோட்டை முதலில் போடுங்கள், பிறகு மாட்டுங்கள். பாகங்கள் தனித்தனியாக, இழுவை இல்லாமல் இருக்கும்போதே மை இட்டு, முழுதாகக் காய்ந்த பிறகு பொருத்துவதே மிகப் பெரிய பாதுகாப்பு.

* ஏ.பி.எஸ். பாகங்களில் எனாமல் திரவம் வேண்டாம். எந்தப் பாகம் எந்த பிளாஸ்டிக் என்பதை ரன்னர் சட்டத்தில் உள்ள குறியோ கையேடோ சொல்லும்.

* பிரஷ்ஷைப் புட்டியின் விளிம்பில் வழித்துவிட்டுத் தொடுங்கள். குளமாகத் தேங்கினால் உடனே உறிஞ்சி எடுங்கள்.

* துடைக்கும்போது இயர் பட்ஸைத் தின்னரில் முக்கி எடுத்த கையோடு தேய்க்க வேண்டாம். டிஷ்யூ தாளில் ஒற்றி, ஈரம் மட்டும் இருக்கும் நிலையில் பயன்படுத்துங்கள். கோட்டுக்குக் குறுக்காகத் துடைத்தால் பள்ளத்து மை தங்கும். கோட்டோடு சேர்த்துத் துடைத்தால் மையும் சேர்ந்து வந்துவிடும்.

* தின்னருக்குப் பதில் லைட்டர் திரவத்தால் துடைப்பவர்களும் உண்டு. அது வேகமாக ஆவியாவதால் பிளாஸ்டிக்கில் தங்கும் நேரம் குறைவு. ஆனால், எளிதில் தீப்பற்றும். அடுப்பு, விளக்கு, சிகரெட் எதுவும் பக்கத்தில் இருக்கக்கூடாது.

* எனாமல் பெயின்ட் அடித்த பரப்பின் மேல் எனாமல் கோடு போட்டால், துடைக்கும்போது அடிப் பெயின்ட்டும் கரைந்து வரும். அடியில் லாக்கர், மேலே எனாமல் என்பது பாதுகாப்பான வரிசை.

ஏற்கெனவே மாட்டிவிட்டீர்களா? கழற்றச் சிரமமான இடங்களில் மெல்லிய முனை மார்க்கர் அல்லது கூரான மெக்கானிக்கல் பென்சில் போதும். கோடு கொஞ்சம் வெளிறித் தெரிந்தாலும், தோள்பட்டை அதன் இடத்திலேயே இருக்கும்.

தேய்த்ததில் கோடே காணோமா?

பாகங்களை ரன்னரில் இருந்து வெட்டும்போது ஒரு தழும்பு மிஞ்சும். ஒரே வெட்டாக ஒட்ட நறுக்கினால் பிளாஸ்டிக் வெளுத்துப் போகும். முதல் வெட்டைச் சற்றுத் தள்ளி வைத்து, இரண்டாவது வெட்டில் நெருங்கி, மிச்சத்தை 400, 600, 800, 1000 என்று உப்புத்தாளை மாற்றி மாற்றித் தேய்ப்பது நல்லது. தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூள் பறக்காது.

இப்படித் தேய்க்கும்போதும், இரு பாதிகளை ஒட்டிய தடத்தை மறைக்கும்போதும் பக்கத்தில் உள்ள பள்ளம் மழுங்கிப் போகும். மழுங்கிய பள்ளத்தில் மை நிற்காது. அதை மீண்டும் கீறி எடுக்க வேண்டும். இதற்கென்றே மிக மெல்லிய முனை கொண்ட கீறல் உளிகள் கிடைக்கின்றன. தடிமனான டேப்பை வேலி போல ஒட்டி, அதன் ஓரமாக அழுத்தமே இல்லாமல் பலமுறை இழுக்க வேண்டும். ஒரே இழுப்பில் ஆழமாகக் கீற நினைத்தால் கருவி வழுக்கிப் புதுக் கோடு போட்டுவிடும்.

ஸ்டிக்கரும் எழுத்துகளும்

அடுத்தது எச்சரிக்கை வாசகங்கள், எண்கள், சின்னங்கள். சாதாரண ஸ்டிக்கரின் ஓரம் தடித்துத் தெரியும். நீரில் நனைத்து நகர்த்தி ஒட்டும் ‘வாட்டர் டீகால்’ படலம் மிக மெல்லியது என்பதால், பெயின்ட்டில் எழுதியது போலத் தோன்றும். இதையும் வழவழப்பான பரப்பில்தான் ஒட்ட வேண்டும். சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால் படலத்துக்கு அடியில் காற்று தங்கி, வெள்ளி போல மினுங்கிக் காட்டிக்கொடுத்துவிடும்.

கடைசிப் பூச்சு: மழை நாளில் வேண்டாம்

எல்லாம் முடிந்ததும் ‘மேட்’ எனப்படும் மினுமினுப்பு இல்லாத கிளியர் பூச்சு. பிளாஸ்டிக்கின் பளபளப்பை அடக்கி, கோட்டையும் டீகாலையும் கையால் தேய்ந்துவிடாமல் காப்பது இதுதான்.

ஆனால், காற்றில் ஈரம் அதிகமாக இருக்கும் நாளில் ஸ்ப்ரே அடித்தால், கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன் மேல் படிகிறது. பூச்சு வெண்புகை படிந்தது போல ஆகிவிடும். ஜப்பானில் ஜூன், ஜூலை மழைக்காலத்தில் ஸ்ப்ரே டின்னைத் தொடத் தயங்குவார்கள். சென்னையில் கட்டுபவர்களுக்கு வடகிழக்குப் பருவமழை மாதங்களில் அதே தயக்கம் நல்லது. வெயில் அடிக்கும் உலர்ந்த நாளில், 20 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளி நின்று, ஒரே தடவையில் நனைத்துவிடாமல் மெல்லிய படலமாக இரண்டு மூன்று முறை அடிப்பது பாதுகாப்பு.

கண்ணாடி போன்ற பாகங்களுக்கு மேட் பூச்சு ஆகாது. ரோபோவின் கண், விமானத்தின் விமானி கூண்டு போன்றவற்றை முதலில் கழற்றி வைத்துவிட வேண்டும். இல்லையென்றால் மூடுபனி படிந்தது போல மங்கிவிடும். ஸ்ப்ரே அடிப்பதை மொட்டை மாடியிலோ, காற்றோட்டமான இடத்திலோ, கரைப்பான் ஆவியைத் தடுக்கும் முகக்கவசத்துடன் செய்ய வேண்டும். சாதாரணத் துணி மாஸ்க் ஆவியைத் தடுக்காது. பக்கத்தில் சிறு குழந்தைகள் இருக்கவே கூடாது.

எவ்வளவு கோடு போதும்?

கையில் மை வந்ததும் கண்ணில் படும் பள்ளத்தை எல்லாம் நிரப்பத் தோன்றும். ஒரு சின்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள். 0.2 மில்லிமீட்டர் அகலக் கோடு 1/144 அளவு மாடலில் இருந்தால், உண்மை அளவில் அது கிட்டத்தட்ட 29 மில்லிமீட்டர். கட்டைவிரல் நுழையும் இடுக்கு! கற்பனை ரோபோவுக்கு அது பரவாயில்லை, கவசத் தகடு என்று சொல்லிக்கொள்ளலாம். 1/72 அளவுப் போர் விமானத்தில் அதே கோடு 14 மில்லிமீட்டர் இடுக்கு ஆகிவிடும். அப்படி ஒரு விமானத்தில் ஏற யார் துணிவார்கள்?

இரண்டாம் உலகப் போரில் பறந்த அமெரிக்காவின் பி-51 மஸ்டாங் விமானத்தையே எடுத்துக்கொள்ளலாம். காற்று வழுக்கிச் செல்ல வேண்டும் என்பதற்காக, அதன் இறக்கையின் முன்பகுதியில் உள்ள இடுக்குகளையும் ஆணித் தலைகளையும் தொழிற்சாலையிலேயே புட்டி வைத்து நிரப்பி, தேய்த்து, பெயின்ட் அடித்தார்கள். எனவே, கிட்டில் அங்கே பள்ளக் கோடுகள் இருந்தாலும், விவரம் தெரிந்தவர்கள் அவற்றில் மை இடுவதற்குப் பதிலாகப் புட்டியால் அடைத்துவிடுகிறார்கள். சில இடங்களில் கோடு போடாமல் விடுவதுதான் சரியான வேலைப்பாடு.

அதனால் உண்மைப் பொருளின் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. திறந்து மூடும் கதவு, அசையும் இறக்கைப் பகுதி, கவசங்கள் சந்திக்கும் இடம் ஆகியவற்றில் அழுத்தமான கோடு போடலாம். நிலையான தகட்டு இணைப்புகளுக்குப் பரப்பின் நிறத்தைவிடச் சற்றே அடர்ந்த மெல்லிய கோடு போதும். இடையிடையே மாடலைக் கை நீட்டும் தூரத்தில் வைத்துப் பாருங்கள். மாடல் கண்ணில் படும் முன் கோடு கண்ணில் பட்டால், மை அதிகம் என்று அர்த்தம்.

புதிதாகக் கட்டுபவர்களுக்கு ஒரு வழி உண்டு. கிட்டின் பாகங்களை எடுத்த பிறகு மிஞ்சும் ரன்னர் சட்டமும் பெரும்பாலும் அதே பிளாஸ்டிக்தான். தூக்கி எறிவதற்கு முன் அதில் ஒரு கோடு கீறி, வாங்கிய திரவத்தை ஊற்றி, சற்று வளைத்து, ஒரு நாள் வைத்துப் பாருங்கள். உடையட்டும். உடைய வேண்டியது அந்தச் சட்டம்தான், தோள்பட்டை அல்ல.